இஎம்ஏ தரவை அலசுவது எப்படி? செவியியல் ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காது கேட்கும் கருவி போட்டிருப்பவரை கிளினிக்கில் உட்கார வைத்து, "போன மாதம் கூட்டமான இடங்களில் பேச்சு எப்படிப் புரிந்தது?" என்று கேட்பது ஒரு வழி. அவர் கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போதே போன் அதிர்ந்து, "இப்போது எதிரில் பேசுபவர் சொல்வது எவ்வளவு புரிகிறது?" என்று கேட்பது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழிக்கு எக்கலாஜிக்கல் மொமென்ட்டரி அசெஸ்மென்ட் என்று பெயர், சுருக்கமாக இஎம்ஏ. ஆஃபாப், எஸ்எஸ்கியூ போன்ற வினாத்தாள்கள் நோயாளியின் நினைவை நம்பியிருக்கின்றன. இஎம்ஏ அந்தந்த நேரத்திலேயே பதிலை வாங்கிவிடுகிறது.

தரவைத் திரட்டும்வரை எல்லாம் உற்சாகமாகப் போகும். அப்புறம் ஆயிரத்துச் சொச்சம் வரிகளோடு ஒரு கோப்பு கைக்கு வரும். அதை வைத்து என்ன செய்வது என்று கல்லூரியில் படித்த டி-டெஸ்ட்டும் அனோவாவும் சொல்லித் தராது. அந்த இடத்தில் நிறையத் திணறியிருக்கிறேன். எம்.எஸ்சி. ஆய்வேட்டுக்கோ முனைவர் பட்டத்துக்கோ இந்த வேலையில் இறங்கும் அடுத்தவருக்கு அந்தத் திணறல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கீழே வரும் எல்லாப் படிகளும் ஒரே விஷயத்தில் நிற்கின்றன. உங்கள் கோப்பில் உள்ள ஒவ்வொரு பதிலும் ஓர் ஆளுக்கு, ஒரு நாளுக்கு, ஒரு சூழலுக்குச் சொந்தமானது. அந்தத் தொடர்பு அறுந்துபோனால் அதற்குப் பிறகு எந்தப் புள்ளியியலும் காப்பாற்றாது.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"காதுக் கருவி பயனாளிகளின் அன்றாட அனுபவம்" என்பது தலைப்பு மட்டுமே. அதை அலச முடியாது. கேள்வி இந்த மூன்றில் எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

ஒரே ஆளுக்குள் நடப்பது: சுற்றி இரைச்சல் கூடும்போது அவருக்குச் சிரமம் கூடுகிறதா? ஆளுக்கு ஆள் வேறுபடுவது: கேட்புத்திறன் இழப்பு அதிகமுள்ளவர்கள் மொத்தத்தில் அதிகம் சிரமப்படுகிறார்களா? ஒப்பீடு: கருவியின் ஏ ப்ரோகிராமைவிட (கருவியில் அமைத்துவைக்கும் ஒலி அமைப்பு) பி ப்ரோகிராம் உதவுகிறதா?

எத்தனை பேர் வேண்டும், ஒருவரிடம் எத்தனை பதில் வேண்டும் என்பது இதை வைத்துத்தான் தீரும். 20 பேர், ஆளுக்கு 60 பதில், மொத்தம் 1,200 என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆளின் பதில்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒப்புமையை ஐசிசி என்ற எண் அளக்கிறது. ஐசிசி 0.3 என்றால், மொத்தச் சராசரியைக் கணிக்க உங்கள் 1,200 பதில்களின் மதிப்பு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 64 பதில்களின் மதிப்புதான். கணக்கு எளிது: 1,200ஐ (1 + 59 × 0.3) ஆல், அதாவது 18.7ஆல் வகுக்க வேண்டும்.

ஆகவே இரண்டாவது வகைக் கேள்விக்கு ஆள் எண்ணிக்கைதான் முக்கியம். ஒருவரிடம் அறுபதுக்குப் பதில் நூறு பதில் வாங்கினாலும் பெரிதாக மாறாது. முதல் வகைக் கேள்விக்கு நிலைமை நல்லது. ஒவ்வொருவரும் தனக்குத்தானே ஒப்பீடு என்பதால் குறைந்த பேரை வைத்தும் ஏதாவது சொல்ல முடியும். ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் "எத்தனை பேர்?" என்று கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். முடிந்தால் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் உள்ள சிம்-ஆர் தொகுப்பால் ஒரு சிமுலேஷனும் ஓட்டிப் பாருங்கள்.

2. காகிதங்கள்: எவை, எப்போது

நெறிமுறைக் குழுவுக்கு வழக்கமான ஆவணங்களோடு இஎம்ஏ-வுக்கென்று மூன்று வேண்டும். போன் திரையில் தெரியப்போகும் கேள்விகள், தமிழில், திரையில் உள்ளபடியே. போன் என்னென்ன சேமிக்கும், எங்கே சேமிக்கும் என்ற ஒரு பக்க விளக்கம். பங்கேற்பவர் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் அறிவிப்பை நிறுத்திக்கொள்ளலாம் என்று தெளிவாகச் சொல்லும் ஒப்புதல் படிவம்.

ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் குழு கட்டாயம் துளைத்துக் கேட்கும், கேட்கவும் வேண்டும். உங்கள் பங்கேற்பாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார், அவரோடு பேசிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் போடவில்லையே. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய ஓல்மெகா அமைப்பு பேச்சை அப்படியே சேமிக்காது. ஒலியின் அளவு, அலைமாலை போன்ற பண்புகளை மட்டும் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். அதிலிருந்து யார் என்ன பேசினார் என்று மீட்க முடியாது. உங்களுக்கும் டெசிபெல் எண் மட்டும் போதும் என்றால், அதை மட்டுமே சேமிப்பதாக விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள்.

இரண்டு ப்ரோகிராம்களை ஒப்பிடுவதுபோல் சிகிச்சை சார்ந்த ஆய்வு என்றால் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவும் தேவைப்படும். கட்டணம் இல்லை. ஆனால் 2018 ஏப்ரல் 1 முதல் அவர்கள் முன்கூட்டிய பதிவை மட்டுமே ஏற்கிறார்கள். முதல் ஆளைச் சேர்த்துவிட்டுப் பதிவு செய்யப் போனால் வாசலிலேயே நின்றுவிடும். நெறிமுறைக் குழு பல இடங்களில் மாதம் ஒருமுறை அல்லது அதற்கும் அரிதாகத்தான் கூடும். திருத்தம் கேட்டால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டும். ஓராண்டு ஆய்வேடு என்றால் இந்தப் படிக்கே மூன்று நான்கு மாதம் ஒதுக்குங்கள்.

அந்தக் காத்திருப்பில் அலசல் திட்டத்தை எழுதிவிடுங்கள். முதன்மைக் கேள்வி எது, எந்த மாடல், யாரை எந்தக் காரணத்துக்காக விலக்குவீர்கள் என்று இரண்டு பக்கம் போதும். தேதி போட்டு வழிநடத்தும் பேராசிரியருக்கு அனுப்புங்கள். பன்னிரண்டு கேள்வி கேட்டுவிட்டு, எதில் பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்ததோ அதையே முதன்மை என்று சொல்லும் ஆசையிலிருந்து உங்களைக் காப்பது அந்தத் தேதிதான்.

3. ஆப், செலவு

கூகுள் ஃபார்ம் லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். செலவில்லை, உண்மைதான். ஆனால் அவர் பதிலை நிரப்பி அனுப்பிய நேரம் மட்டுமே பதிவாகும். எத்தனை அழைப்புகளுக்குப் பதில் வரவில்லை என்பது எங்கும் இருக்காது. அந்தத் தகவல் இல்லாமல் ஆறாவது படியைச் செய்யவே முடியாது. இஎம்ஏ-வுக்கென்றே உள்ள ஆப் ஒன்றைத் தேடுங்கள். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் உருவான எம்-பாத் அவற்றில் ஒன்று. எதை எடுத்தாலும் இவற்றைச் சரிபாருங்கள்: தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா, நெட் இல்லாத இடத்திலும் பதிலைச் சேமிக்கிறதா, அழைப்பு போன நேரம், திறந்த நேரம், முடித்த நேரம் மூன்றும் தனித்தனியாக வருகின்றனவா.

அலச ஆர், ஜமோவி இரண்டும் இலவசம். எஸ்பிஎஸ்எஸ் உரிமத்துக்குக் கைக்காசு போட வேண்டிய அவசியமில்லை. அந்தப் பணத்தைப் பங்கேற்பாளர்களின் ரீசார்ஜுக்கும் கருவி பேட்டரிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு வாரத்தின் நடுவில் பேட்டரி தீர்ந்து, அதை வாங்க மகன் ஊரிலிருந்து வரட்டும் என்று ஒருவர் காத்திருந்தால், அந்த நாட்களின் பதில்கள் எல்லாம் கருவி இல்லாத பதில்கள்.

4. தரவு திரட்டும்போதே கவனிக்க வேண்டியவை

செவியியலுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: கேட்கும் திறன் குறைந்தவருக்கு போன் மணி கேட்காது. கருவியைக் கழற்றி வைத்திருந்தால் இன்னும் கேட்காது. அதிர்வை எப்போதும் ஆன் செய்து வையுங்கள். போனை மேசையில் வைக்காமல் சட்டைப்பையிலோ இடுப்பிலோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நாளுக்கு ஐந்தாறு அழைப்பு, ஒன்றிரண்டு வாரம் என்பது தாங்கக்கூடிய அளவு. பேச்சின் நடுவே யாரும் போனைத் தட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள், அதனால் "இந்த நொடியில்" என்று கேட்காமல் "கடந்த சில நிமிடங்களில்" என்று கேளுங்கள். அழைப்புக்கு வந்த பதிலையும், பங்கேற்பவர் தானாகத் திறந்து எழுதிய பதிலையும் தனிக் குறியோடு சேமியுங்கள். தானாக எழுதுபவர் பெரும்பாலும் கஷ்டமான நேரத்தைத்தான் எழுதுவார். இரண்டையும் கலந்தால் வாழ்க்கையே சிரமம் என்பதுபோல் தெரியும்.

ஸ்லைடர் வைத்தால் அது தொடக்கத்தில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சில ஆப்களில் 50இல் நிற்கும். தொடாமல் "அடுத்து" அழுத்தினாலும் 50 என்று பதிவாகிவிடும்; பின்னால் அது உண்மையான 50ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. தொட்டால்தான் குறி தோன்றும்படி அமையுங்கள்.

காலத்தையும் யோசியுங்கள். ஏ ப்ரோகிராம் வாரம் எல்லோருக்கும் ஆனியில் முடிந்து, பி ப்ரோகிராம் வாரம் ஆடியில் வந்தால், தெருமுனை அம்மன் கோயில் ஒலிபெருக்கி பி-யின் மதிப்பெண்ணைக் கீழே இழுத்துவிடும். பாதிப் பேர் ஏ-யில் தொடங்க, பாதிப் பேர் பி-யில் தொடங்கட்டும். யார் எதில் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்யுங்கள். அப்போது முகூர்த்த நாளும் திருவிழாவும் இரண்டு பக்கமும் பரவும்.

5. சுத்தம் செய்தல்

மாடலுக்கு ஒரு வாரம் போதும் என்றால் இதற்கு மூன்று வாரம் வையுங்கள். பாதிப் பொறிகள் இங்கேதான்.

முதலில், அசல் கோப்பைத் தொடாதீர்கள். ஒரு நகல் எடுத்து, திருத்தம் ஒவ்வொன்றையும் ஆர் நிரலாகவே எழுதுங்கள். எக்செல்லில் கையால் திருத்தினால் என்ன மாற்றினோம் என்பதற்குத் தடயமே இருக்காது. கோப்பை எக்செல்லில் நேரடியாகத் திறந்தால் தமிழ்ப் பதில்கள் புரியாத குறியீடுகளாகவும் மாறலாம். யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு இறக்குமதி செய்யுங்கள். 03/08 என்பதை ஆகஸ்ட் 3க்குப் பதில் மார்ச் 8 என்று அது எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கும்.

அடுத்து நேரம். பல ஆப்கள் சர்வரில் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைச் சேமிக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். திருத்தாவிட்டால் மாலை 7 மணிப் பதில் பகல் 1:30 என்று நிற்கும். "மாலையில் சிரமம் கூடுகிறது" என்ற உண்மையான முடிவு மதியத்துக்கு நகர்ந்துவிடும். விடிகாலை 5 மணிக்கு எழுந்து பதில் சொன்னவரின் வரி முந்தைய நாளில் போய் உட்காரும். சரிபார்க்க எளிய வழி: ஒரு பங்கேற்பாளரின் பதில்களை மணி வாரியாக வரைந்து பாருங்கள். அழைப்பே அனுப்பாத நேரத்தில் பதில்கள் குவிந்திருந்தால் நேரம் தப்பு.

மூன்றாவது, காலிக் கட்டங்கள். ஒரு வரி இப்படி இருக்கும் என்று வையுங்கள்: பங்கேற்பாளர் 7, ஆகஸ்ட் 3, மாலை 6:40, பேருந்து நிறுத்தம், யாரோடும் பேசவில்லை, பேச்சுப் புரிதல் காலி. இவருக்கு அந்தக் கேள்வி காட்டப்படவே இல்லை, ஏனென்றால் அவர் பேசவில்லை. இன்னொரு வரியில் கேள்வி காட்டப்பட்டும் பதில் இல்லை. மூன்றாவது வரியில் அழைப்பையே திறக்கவில்லை. மூன்றும் கோப்பில் ஒரே மாதிரி காலியாக இருக்கும். மூன்றின் அர்த்தமும் வேறு. மூன்றுக்கும் தனிக் குறி கொடுங்கள். சில ஆப்கள் காட்டப்படாத கேள்விக்கு 0 போட்டு அனுப்பும். அதைக் கவனிக்காமல் சராசரி எடுத்தால், தனியாக வாழ்கிற, அதிகம் பேசாத முதியவருக்குத்தான் மிக மோசமான புரிதல் என்று வரும்.

பதில் சொன்ன விகிதத்தைக் கணக்கிடும்போது எந்த எண்ணால் வகுக்கிறீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். அனுப்பத் திட்டமிட்ட அழைப்புகளா, போனுக்கு உண்மையில் போய்ச் சேர்ந்தவையா? போன் அணைந்திருந்த நாட்கள் இரண்டையும் வெகுவாகப் பிரித்துவிடும்.

6. வராத பதில்களைப் படியுங்கள்

"80 சதவீதத்துக்குக் கீழே பதில் சொன்னவர்களை நீக்கிவிட்டோம்" என்ற வரியை ஆய்வுக் கட்டுரைகளில் பார்த்து நீங்களும் அப்படியே செய்யாதீர்கள். யார் குறைவாகப் பதில் சொல்கிறார்கள்? சந்தையில் கடை வைத்திருப்பவர், பேருந்தில் வேலை பார்ப்பவர், பேரப்பிள்ளைகள் நிறைந்த வீட்டில் இருப்பவர். கருவி உதவுகிறதா என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டியதே அவர்களிடம்தான். அவர்களை நீக்கினால் மிஞ்சுவது அமைதியான வீடுகளின் தரவு.

கலப்பு மாடல்களுக்கு, அதாவது எந்தப் பதில் எந்த ஆளுடையது என்பதையும் கணக்கில் எடுக்கும் மாடல்களுக்கு, எல்லோரிடமும் ஒரே எண்ணிக்கையில் பதில் தேவையில்லை. பத்துப் பதில் தந்தவரும் இருக்கலாம், எழுபது தந்தவரும் இருக்கலாம். ஆனால் பதில் விடுபடுவது, மாடலில் உள்ள மற்ற தகவல்களால் விளங்கக்கூடியதாக இருக்க வேண்டும். இரைச்சலால்தான் விடுபட்டது, அந்த இரைச்சலும் மாடலில் இல்லை என்றால் முடிவு சாய்ந்துவிடும். போன் ஒலி அளவைத் தொடர்ந்து பதிவு செய்திருந்தால், பதில் வந்த அழைப்புகளின் டெசிபெல்லையும் வராத அழைப்புகளின் டெசிபெல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். இல்லாவிட்டால் நேரம், கிழமை, எத்தனையாவது நாள் இவற்றையாவது ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

7. மாடல்

முதலில் ஆளுக்கு ஒரு சின்ன வரைபடம்: கிடையச்சில் இரைச்சல், நிலையச்சில் சிரமம். இருபது பேருக்கும் ஒரே பக்கத்தில். எவருக்குக் கோடு ஏறுகிறது, எவர் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் அழுத்தியிருக்கிறார் என்பது உடனே தெரிந்துவிடும்.

அப்புறம் இரைச்சலை இரண்டாகப் பிரியுங்கள். இது ஒன்றை மட்டும் சரியாகச் செய்தாலே ஆய்வேடு ஒரு படி மேலே போய்விடும். ஒவ்வொருவருக்கும் அவருடைய சராசரி இரைச்சலைக் கணக்கிடுங்கள். அது முதல் மாறி. ஒவ்வொரு பதிலிலும் அந்தச் சராசரியைக் கழித்து, "அவருடைய வழக்கத்தைவிட இப்போது எவ்வளவு கூடுதல்" என்று எடுங்கள், அது இரண்டாவது. இரண்டையும் மாடலில் போடுங்கள்.

ஏன்? அதிகம் சிரமப்படுபவர்கள் சத்தமான இடங்களுக்குப் போவதையே குறைத்துக்கொள்கிறார்கள். ஆகவே ஆட்களை ஒப்பிட்டால், சராசரி இரைச்சல் குறைவாக உள்ளவருக்குச் சிரமம் அதிகம் என்று வரலாம். ஒவ்வொரு ஆளுக்குள்ளும் பார்த்தால் இரைச்சல் கூடக் கூடச் சிரமம் கூடும். பிரிக்காமல் போட்டால் எதிரும் புதிருமான இந்த இரண்டும் கலந்து, யாருக்கும் பொருந்தாத ஒரே எண்ணாக வரும். இந்தப் பிரிப்பில் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. போன் மைக்குகள் அளவுத்திருத்தம் செய்யப்படாதவை; ஒரு போன் எப்போதும் 6 டெசிபெல் கூட்டிக் காட்டலாம். அவரவர் சராசரியைக் கழிக்கும்போது அந்த நிலையான பிழையும் கழிந்துவிடும். ஆள்சராசரி மாறியில் மட்டும் அது தங்கியிருக்கும், அதை எச்சரிக்கையோடு படியுங்கள்.

மீதி அமைப்பு இதுதான்: ஆளுக்கு ஒரு ரேண்டம் இன்டர்செப்ட் (அவரவருக்கு ஒரு தனித் தொடக்க மட்டம்), ஆளுக்குள் நாளுக்கு ஒன்று, ஏ-பி ஒப்பீடு என்றால் ப்ரோகிராமுக்கு ஆள்வாரி ரேண்டம் ஸ்லோப் (அவரவருக்குப் பலன் வேறுபட இடம் தருவது), ஆய்வின் எத்தனையாவது நாள் என்ற மாறி. ரேண்டம் ஸ்லோப்பை விட்டுவிட்டால் எல்லோருக்கும் ஒரே அளவு பலன் என்று மாடல் நம்பிவிடும். பி மதிப்பு தகுதிக்கு மீறிச் சிறிதாகும். ஆரில் எல்எம்இ4 தொகுப்பு இதையெல்லாம் செய்யும். அது பி மதிப்பு தராது; எல்மர்டெஸ்ட் தொகுப்பையும் ஏற்றுங்கள். அடுத்தடுத்த பதில்களின் ஒட்டுறவு இன்னும் மிஞ்சியிருந்தால் என்எல்எம்இ தொகுப்பில், இடைவெளி சமமில்லாத நேரங்களையும் கையாளும் தெரிவு உண்டு.

பதில் ஐந்து படி அளவுகோல் என்றால் ஆர்டினல் தொகுப்பின் சிஎல்எம்எம் பொருத்தமானது. 0 முதல் 100 வரையான ஸ்லைடரில் பதில்கள் 100இல் போய்க் குவிந்திருந்தால் சாதாரண மாடலின் எச்சங்கள் கோணலாக இருக்கும். பீட்டா வகை மாடல்களைப் பாருங்கள்.

"சிங்குலர் ஃபிட்" என்று எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம். உங்களிடம் உள்ள ஆட்களை வைத்து அத்தனை ரேண்டம் விளைவுகளைக் கணிக்க முடியவில்லை என்று சொல்கிறது. மாறிகளை ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு இன்டர்செப்டுக்கும் ஸ்லோப்புக்கும் இடையிலான ஒட்டுறவை நீக்குங்கள், அப்புறம் நாள் மட்டத்தை எடுங்கள். எந்த வரிசையில் எடுத்தீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.

8. சூழலைச் சரிக்கட்டலாமா?

ஏ, பி ஒப்பீட்டில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் கேள்வி இது. பி வாரத்தில் பங்கேற்பாளர்கள் அதிகச் சத்தமான இடங்களில் இருந்திருந்தால், இரைச்சலை மாடலில் சேர்ப்பதுதான் நியாயம் என்று தோன்றும். ஆனால் பி நன்றாக இருந்ததால்தானே அவர் துணிந்து அந்த வளைகாப்புக்குப் போனார்? அப்படியென்றால் அந்த இரைச்சலே கருவியின் பலனில் ஒரு பகுதி. அதைச் சரிக்கட்டினால் பலனின் ஒரு துண்டை வெட்டி எறிகிறோம்.

நான் இரண்டு மாடலையும் தரச் சொல்வேன். இரைச்சல் சேர்க்காதது, "இந்தக் கருவியோடு வாழ்ந்த வாரம் மொத்தத்தில் எப்படி இருந்தது" என்பதற்குப் பதில். சேர்த்தது, "ஒரே மாதிரி இடத்தில் எது உதவுகிறது" என்பதற்குப் பதில். கூடவே, பி வாரத்தில் எத்தனை சதவீதப் பதில்கள் வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தன என்று ஒரு தனி அட்டவணை. நோயாளிக்கு அந்த அட்டவணைதான் பல நேரம் பெரிய செய்தி.

9. எழுதும்போது விடக்கூடாதவை

அழைப்புகள் எத்தனை போயின, எத்தனைக்குப் பதில் வந்தது, ஆளுக்குக் குறைந்தபட்சம் எத்தனை, அதிகபட்சம் எத்தனை. யாரை விலக்கினீர்கள், ஏன். மாடலின் முழு அமைப்பு, ரேண்டம் விளைவுகளின் மாறுபாட்டு எண்களோடு. பி மதிப்போடு நம்பக எல்லையும், அந்த வேறுபாடு 0–100 அளவுகோலில் எத்தனை புள்ளி என்பதும். ஆர், தொகுப்புகள் இவற்றின் பதிப்பு எண்.

புள்ளியியல் ஆலோசகரிடம் போவதாக இருந்தால் தரவு வந்த பிறகு போகாதீர்கள். இரண்டாம் படியில், அலசல் திட்டத்தோடு போங்கள். "ஆளுக்கு ஒரு சராசரி எடுத்து டி-டெஸ்ட் போட்டுவிடலாம்" என்று அவர் சொன்னால், நாள், சூழல், விடுபட்ட பதில் பற்றிய கேள்விகளை முன்வைத்து மீண்டும் கேளுங்கள். உங்கள் பங்கேற்பாளர்கள் சாப்பாட்டுக்கு நடுவிலும் பேருந்து நெரிசலிலும் போனை எடுத்துப் பதில் தந்திருக்கிறார்கள். அதையெல்லாம் ஒரே எண்ணாகச் சுருக்குவதற்கு முன் நல்ல காரணம் வேண்டும்.

வாய்மொழித் தேர்வுக்குப் போகும்போது, ஆள்வாரி வரைபடப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். தேர்வாளர் கேட்கும் முதல் மூன்று கேள்விகளுக்குப் பதில் அநேகமாக அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.